ரேடியோ ரூமில் தொங்கிய தூளிகள்

அறுபத்தாறாம் வருஷம், பூவிருந்தான்பட்டிப் பெண்பிள்ளைகளை முன்னேற்றியே தீருவது என்று மேலே யாரோ முடிவு செய்துவிட்டார்கள். முன்னேறப் போகிறவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கந்தர்வக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, முந்திரிக்கொல்லைகளுக்கு நடுவே செம்மண் பாதையில் நடந்தால் வருகிற ஊர் அது. அங்கே இரண்டு வருஷம் தொண்டு செய்ய அமெரிக்காவிலிருந்து ரூத் என்கிற பெண் வந்து சேர்ந்தாள். யூனியன் ஆபீசில் போட்டுக் கொடுத்த திட்டம் ஒன்றும் அவளோடு வந்தது. பையன்களுக்கு வாலிபால், பெண்பிள்ளைகளுக்குத் தையல்.

வாலிபால் நன்றாகவே நடந்தது. பந்து முள்ளில் விழுந்து வெடிக்கிற வரைக்கும் நடந்தது. தையல்தான் முதல் நாளே சந்தி சிரித்துப் போனது.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ரூத் பாயை விரித்தாள். ஊசி, நூல், கத்தரிக்கோல், பூப்போட வெட்டி வைத்த துணி எல்லாவற்றையும் அழகாக எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பெண்பிள்ளைகள் வராமல் இல்லை. வந்தார்கள், ஆளுக்கு ஒரு கைப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தம்பி, தங்கச்சி, அக்கா மகன், சித்தி மகள். கொஞ்ச நேரத்தில் பாய் முழுக்கக் குழந்தைகள் தவழ்ந்தன. ஒன்று நூல்கண்டை வாயில் போட்டுக்கொண்டது. இன்னொன்று பூத்துணியில் ஒன்றுக்குப் போனது. அமெரிக்காக்காரி கத்தரிக்கோலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி செய்வதறியாமல் நின்றாள்.

கொல்லையில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த கண்ணாத்தாள், பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடிவந்தபோது பார்த்தது இந்தக் கோலத்தைத்தான். அவள் மகள் பிச்சையம்மாளுக்கு ஒன்பது வயது. தம்பி ராமுவைத் தூக்கித் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடக்கப் பழகியவள். அவளும் அந்தக் கூட்டத்தில் நின்றாள்.

ரூத் பாடம் படித்து வந்த தமிழில் கேட்டாள். "இவர்கள் ஏன் குழந்தைகளையும் அழைத்து வருகிறார்கள்? வீட்டில் விட்டுவிட்டு வரலாமே?"

கண்ணாத்தாளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"வீட்டுல யாருகிட்ட விடுறது? செவுத்துக்கிட்டயா? இந்தப் புள்ளைக தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிறதாலதாங்க நாங்க வேலைக்குப் போறோம். நாங்க போனாத்தான் அடுப்பு எரியும். தையலு சொல்லிக் குடுக்க இம்புட்டுத் தூரம் வந்தீங்களே, மொதல்ல இதுகளுக்கு இடுப்புல இருக்கறதை எறக்கி வைக்க ஒரு எடத்தைக் காட்டுங்க. அப்பறம் ஊசியப் புடிக்கட்டும்."

வெள்ளைக்காரியிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று அவள் கொஞ்சமும் வருந்தவில்லை. அழுத ராமுவை வாங்கிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

கண்ணாத்தாள் தன் காலத்தில் நாலு பேரைத் தூக்கி வளர்த்தவள். பள்ளிக்கூட வாசற்படியை அவள் மிதித்ததே, உள்ளே படித்த தம்பிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான். பிச்சையம்மாளாவது படிக்கட்டும் என்று சேர்த்துவிட்டாள். இரண்டாம் வகுப்பு வரை போனாள், ராமு பிறந்தான், நின்றுபோனாள். புருஷன் அடைக்கலம் தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. வருகிற ஜூன் மாதம் பிச்சையம்மாளைக் கொண்டுவந்து விட்டால் மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்துக்கொள்வதாக வாத்தியார் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு வருஷம் தள்ளினால் பெரியவளாகிவிடுவாள் என்ற பேச்சு வந்துவிடும். பிறகு படிப்பாவது ஒன்றாவது. இந்த ஜூனை விட்டால் தன் மகளுக்கு வேறு ஜூன் கிடையாது என்பது கண்ணாத்தாளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் ரூத் கொல்லைக்கே வந்துவிட்டாள். தையல் பெட்டி வரவில்லை. தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு உச்சிப்பொழுது வரை அவர்களோடு குனிந்து கொட்டை பொறுக்கினாள். பழச்சாறு பட்டுக் கையெல்லாம் தடித்துப் போயிற்று. கஞ்சி நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து மணலைத் தடவிச் சமம் செய்து, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டாள்.

"ஆபீஸ் கொடுத்த திட்டத்தை நான் விட்டுவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள், நான் வரைகிறேன். குழந்தைகளை எங்கே வைக்கலாம்?"

பெண்கள் முதலில் சிரித்தார்கள். அவர்களிடம் இதுவரை எந்த ஆபீசரும் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம். பிறகு ஒருத்தி ரேடியோ ரூம் என்றாள். உடனே எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே, அதே வேப்பமரத்தை ஒட்டி, சர்க்கார் கட்டிக் கொடுத்த ஓட்டுக் கட்டடம் அது. முன்னால் உயரமான வராந்தா, உள்ளே ஒரே அறை, நல்ல உத்திரம். ஊர் ஜனங்கள் உட்கார்ந்து கேட்க ஒரு ரேடியோவும் வைத்தார்கள். கொஞ்ச நாள் பாடியது, பிறகு ரிப்பேருக்குப் போனது, போனது போனதுதான். அந்த அறையில் பஞ்சாயத்து பிரசிடெண்டு ரெங்கசாமியின் முந்திரி மூட்டைகள் குடியேறிவிட்டன. சாவியும் அவர் மடியிலேயே தங்கிவிட்டது.

ரூத் மணலில் அறையை வரைந்தாள். உத்திரத்தில் வரிசையாகத் தூளிகள், தவழ்கிற பிள்ளைகளுக்கு ஒரு தடுப்பு, பால் பவுடர் காய்ச்ச ஒரு அடுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டாள். மழை வந்தால்? காய்ச்சல் வந்தால்? கடைசியில், எல்லோரும் வேலைக்குப் போனால் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாள்.

வேலைக்கு ஓடுகிற தெம்பு உள்ளவள் எவளும் பிள்ளை பார்க்க உட்கார மாட்டாள். அப்படி உட்காரக்கூடியவள் ஒருத்திதான், அவள் சற்றுத் தள்ளி வேறொரு மரத்தடியில் தனியாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தெற்குத் தெரு சந்தனமேரி. முந்திரி உடைக்கிற இடத்தில் ஓட்டுப்பால் பட்டு அவள் வலது கை வெந்து, இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டது. கொல்லைக்குள் ஆடு வராமல் விரட்டுவதுதான் இப்போது அவளுக்குக் கிடைத்த வேலை. ஆறு பிள்ளை வளர்த்து ஆளாக்கியவள். அழுகிற குழந்தை எதுவும் அவள் தோளில் அடங்கிவிடும்.

"அவர் வரட்டுமே. மிகவும் நல்லது" என்றாள் ரூத்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெற்குத் தெருக்காரி நடுத்தெருப் பிள்ளைகளோடு ஒரு கூரைக்கடியில் இருப்பதா? அவள் கையால் தண்ணீர் கொடுப்பதா? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரூத்துக்கு அந்த மௌனம் புரியவில்லை. கண்ணாத்தாளுக்குப் புரிந்தது. அவள் மூளை வேகமாக வேலை செய்தது.

"ஒண்ணு பண்ணுவோம்ங்க. ஒவ்வொரு தூளியிலயும் நீளமாக் கயித்தைக் கட்டி சன்னல் வழியா வெளிய விட்ருவோம். மேரி வெளிய வேப்பமரத்தடியில ஒக்காந்துக்கிட்டே ஆட்டட்டும். தண்ணிய அவுகவுக வீட்டுலருந்து சொம்புல கொண்டாந்து உள்ள வச்சிருவோம். பள்ளிக்கூடம் எதுத்தாப்புலதான? இன்டர்வல் மணியடிச்சா அக்காகாரிக ஓடியாந்து ஊட்டிட்டுப் போகட்டும்."

"அடி கெட்டிக்காரி" என்றார்கள் பெண்கள். ரூத்தும் அசந்துபோனாள். நீளக் கயிறு! காற்றோட்டமாக உட்கார்ந்துகொண்டு எல்லாத் தூளியையும் ஒரே ஆள் ஆட்டிவிடலாம். தன் ஊர்க்காரர்களுக்கு இது தோன்றியிருக்காது என்று சொல்லி, மணலில் சன்னல் வழியே நீளநீளமாகக் கோடுகள் இழுத்தாள். சந்தனமேரி கலயத்தைக் கழுவ எழுந்து போய்விட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிரசிடெண்டிடம் ரூம் கேட்கப் பெண்கள் கூட்டமாகப் போனார்கள். ரெங்கசாமி கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அதுதான் அவரிடம் பயமே.

"ரூம்புதான? பாப்போம் பாப்போம். இப்ப சீசன் நேரம், மூட்டையைத் தெருவுலயா போடுறது? தைக்கு மேல வாங்க."

தைக்குமேல் பார்க்கலாம் என்றால் ஜூன் போய்விடும். கண்ணாத்தாள், "அது சர்க்கார் ரூம்புங்க, ஒங்க குதிரு இல்ல" என்று சொல்லியே விட்டாள். பக்கத்திலிருந்தவள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ரெங்கசாமி சிரித்துக்கொண்டே வெற்றிலையை மடித்தார்.

அவர் சிரித்ததன் பலன் அந்த வாரமே வந்தது. ஜீப்பில் வந்து இறங்கிய யூனியன் ஆபீசர் கண்ணுசாமி, ரூத்தைப் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தி வைத்தே பேசினார். "நீங்க தையல் சொல்லித்தர வந்தீங்க. ஊரை ரெண்டாக்க வரல. அடுத்த செவ்வாக்கெழமை ஜீப் வரும், பெட்டிய கட்டி வைங்க. மணமேல்குடியில மீனவப் பசங்களுக்கு வாலிபால் கிளப் ஆரம்பிக்கணும்."

ரூத்தின் முகம் செத்துவிட்டது. அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கண்ணாத்தாளிடம் விஷயத்தைச் சொன்னாள். திருச்சியிலிருந்து அவளுக்கு மேலே இருக்கிற பெரிய அம்மா ஒருவர் ஊர்த் திருவிழா முடிகிற சமயம் பார்வையிட வருவதாக இருந்தது. அப்போது இந்தப் பிள்ளைக் கொட்டகை நடந்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், பால் பவுடரும் ரூமும் சர்க்கார் திட்டமாகவே ஆகிவிடும். ரூத் ஊரில் இல்லையென்றால் அந்த அம்மா வரப்போவதில்லை. ரூத் இருந்தால் இது திட்டம், போய்விட்டால் பெண்பிள்ளைகள் பேச்சு.

"நான் என்ன செய்வது? ஆபீஸ் உத்தரவு" என்றாள் ரூத்.

கண்ணாத்தாள் கோயில் பக்கம் பார்த்தாள். பிறகு கேட்டாள். "ஞாயித்துக்கெழமை மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டுறாக. நீங்க பால்குடம் எடுக்குறீகளா?"

பூவிருந்தான்பட்டியில் பிரசிடெண்டு உண்டு, யூனியன் உண்டு, போலீசு உண்டு. காப்புக்கு மேலே எதுவும் கிடையாது. பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால், குடம் இறங்குகிற வரை அந்த ஆள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அம்மை ஊருக்குள் வரும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ரூத் யோசித்தாள். தான் வேறு சாமியைக் கும்பிடுகிறவள் என்றாள். கண்ணாத்தாள், அந்தச் சாமிக்கு இந்த ஆத்தா தங்கச்சி முறைதான் ஆகணும், கோவிச்சுக்க மாட்டாரு என்றாள். ரூத் முதல் முறையாக அன்றைக்குச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம், கொட்டு முழங்க, நேர்ந்துகொண்டவர்கள் கோயில் முன்னால் வரிசையில் நின்றார்கள். முதல் காப்பு, வழக்கம்போல முதல் மரியாதைக்காரரான ரெங்கசாமிக்கு. பூசாரி ராக்கன் அடுத்தடுத்த கைகளில் கட்டிக்கொண்டே வந்தார். ஒரு வெள்ளைக் கை அவர் முன்னால் நீண்டது.

ரெங்கசாமி திரும்பிப் பார்த்தார். "ராக்கா, அது வெளியூருப் புள்ள."

ராக்கன் கயிற்றில் வேப்பிலையைச் செருகிக்கொண்டே சொன்னார். "ஊருத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு ஊருக்குள்ள படுத்து எந்திரிக்குதுங்க. கேட்டுக் கை நீட்டுனா கட்டணும். மாட்டேன்னு சொல்ல நான் யாருங்க?" அவர் கட்டி முடித்தார். பெண்கள் போட்ட குலவையில் கொட்டுச் சத்தம் காணாமல் போனது. ரெங்கசாமியால் தன் காப்புக் கையைப் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. இதையெல்லாம் ஆரம்பித்து வைத்த கண்ணாத்தாளுக்கு உள்ளங்கால் வரை சிலிர்த்தது.

செவ்வாய்க்கிழமை ஜீப் வந்தது. ரூத் கையை நீட்டிக் காட்டினாள். ஆபீசர் கண்ணுசாமி, படித்தவர், "இதெல்லாம் மூடநம்பிக்கை, ஏறுங்க வண்டியில" என்றார். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றுகொண்டார்.

"சார், நான் பக்கத்து ஊரு. வீட்டுல நாலு புள்ளைக இருக்கு. காப்புக் கட்டுனவுகள ஏத்திக்கிட்டு நான் எல்லை தாண்ட மாட்டேன். நீங்க வேணா ஓட்டிட்டுப் போங்க."

ஆபீசருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. குடம் இறங்கின மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கோயில் பக்கம் ஒரு கும்பிடு போட்டதைப் பெண்கள் பார்த்துவிட்டார்கள், சும்மா விடுவார்களா? அன்று பூராவும் கொல்லையில் அதுதான் சிரிப்பு.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். ரூம் பூட்டியிருந்தால் என்ன? வராந்தாவுக்கு உத்திரம் இல்லையா? பழைய சேலைகளைக் கொண்டுவந்து வரிசையாகத் தூளி கட்டினார்கள். கண்ணாத்தாள் தன் தூளியைச் சரியாகக் கதவுக்கு நேரே கட்டினாள். ராமு அதில் படுத்தவுடனே தூங்கிப்போனான். தூளிகளிலிருந்து நீளநீளமாகக் கயிறுகள் வராந்தாவைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போயின. அங்கே தரையில் உட்கார்ந்து சந்தனமேரி அவற்றைப் பிடித்து ஆட்டினாள். மடங்காத விரல்களுக்கிடையில் கயிறுகளைக் கோத்துக்கொண்டு, எந்தக் குழந்தை சிணுங்குகிறது என்று சத்தத்திலேயே கண்டுபிடித்து அந்தக் கயிற்றை மட்டும் இழுப்பாள். சில சமயம் ஒரு குழந்தை வீரிட்டு அழும். அவள் எழுந்து வராந்தாப் படி வரைக்கும் வருவாள். அங்கேயே நின்று, பிச்சையம்மாளைக் கூப்பிடுவாள். ரூத் ஒருநாள், "ஏன் நீங்களே மேலே வந்து எடுக்கவில்லை?" என்று கேட்டாள். "கயிறு போதும்ங்க தாயி" என்றாள் சந்தனமேரி. ரூத் திரும்பிக் கண்ணாத்தாளைப் பார்த்தாள். கண்ணாத்தாள் வேறு பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வை அவளை நாலைந்து நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

பால்குடத்துக்கு முதல் நாள் மத்தியானம், முந்திரி வியாபாரியின் லாரி வந்து ரேடியோ ரூமுக்கு முன்னால் நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் இறங்கினார்கள். பிரசிடெண்டு கொடுத்தனுப்பிய சாவியால் பூட்டைத் திறந்தார்கள். திறந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கதவுக்கு நேரே ராமு தூங்குகிறான். தூளிக்குள் தூங்குகிற பிள்ளையைத் தொட்டு நகர்த்த எவனுக்கும் மனசு வரவில்லை. சேதி போய், கொல்லையிலிருந்து பெண்களும் வந்துவிட்டார்கள், பிரசிடெண்டும் வந்துவிட்டார். காப்புக் கட்டிய கையோடு பெண்பிள்ளைகளிடம் தகராறு செய்ய முடியாது. அதனால் அவர் சமாதானமாகவே பேசினார்.

"சரி, நீங்க செயிச்சீங்க. மூட்டைய எடுத்துக்கிறேன், ரூம்ப நீங்களே வச்சுக்கங்க. நாளைக்குத் திருச்சியிலருந்து வார பெரியம்மாகிட்ட நானே முன்ன நின்னு சொல்றேன். ஆனா ஒண்ணு." அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். "அந்தத் தெக்குத்தெருப் பொம்பள இங்கிட்டு வரக் கூடாது. உள்ளயும் வேணாம், வெளியயும் வேணாம். கயித்தையும் அவ தொட வேணாம். ஊருப் புள்ளைகள ஊருக்காரி பாக்கட்டும்."

கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியதைக் கண்ணாத்தாள் உணர்ந்தாள். பூசாரி ராக்கனின் மனைவி சொர்ணவல்லி அவள் காதோரம் வந்து, "சரின்னு சொல்லிரு கண்ணாத்தா. ரூம்பு கெடைச்சிருச்சுல்ல, பெறகு பாத்துக்கலாம்" என்றாள்.

ஒரு தலையாட்டல் போதும். பிச்சையம்மாள் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் போய்விடுவாள். கண்ணாத்தாள் அதற்காகத்தானே இத்தனையும் செய்தாள்? அவள் தலையை ஆட்டத்தான் இருந்தாள்.

அதற்குள் சந்தனமேரி எழுந்துவிட்டாள். கயிறுகளைத் தரையில் ஒழுங்காக வைத்துவிட்டு, தன் தண்ணீர்க் கலயத்தை எடுத்துக்கொண்டாள். "ரூம்ப நீங்க எடுத்துக்குங்க ஆத்தா. புள்ளைக நல்லா இருக்கட்டும். நான் போறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சாதாரணமாகச் சொன்னாள், இப்படித்தான் முடியும் என்று முதல் நாளே தெரிந்தவள் மாதிரி. கண்ணாத்தாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மனுஷன் கேட்பது என்ன புதுசு? அவர் வாயால் சொல்கிறார், தான் கயிறு போட்டுச் சொன்னாள். அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் கோடு போட்டவளே தான்தான், இவர் அதை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்கிறார். இன்றைக்குச் சரி என்றால் நாளைக்கு இந்த மனுஷன் எங்கே கோடு போடுவார்? ரூம் கிடைத்தாலும் பிள்ளையை யார் பார்ப்பது? பிச்சையம்மாளைத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள். அது அவருக்கும் தெரியும்.

அவள் படியேறிப் போய்த் தூளியிலிருந்து ராமுவைத் தூக்கினாள். பாதித் தூக்கத்தில் அவன் அழ ஆரம்பித்தான். அழுகிற பிள்ளையோடு எல்லோருக்கும் நடுவில் நடந்துபோய்ச் சந்தனமேரியின் கையில் அவனைக் கொடுத்தாள்.

"புள்ளைக்குத் தவிக்குது. ஒங்க கலயத்துலருந்து தண்ணி குடுங்கக்கா."

சந்தனமேரி அசையவில்லை. "ஆத்தா, வேணாம்" என்றாள்.

"குடுங்கன்னா."

சந்தனமேரி உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி ராமுவின் வாயில் வைத்தாள். அவன் உறிஞ்சிக் குடித்தான், இன்னும் வேண்டும் என்று அந்த மடங்காத விரலைப் பிடித்து இழுத்தான். கண்ணாத்தாள் கலயத்தை வாங்கினாள். எல்லோரும் பார்க்க அண்ணாந்து மடமடவென்று தானும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு ரெங்கசாமிக்கு நேரே திரும்பினாள்.

"இப்ப சொல்லுங்க. அவுகள வெளிய நிறுத்தணும்னா எம்மவனையும் நிறுத்தணும், என்னையும் நிறுத்தணும். ஊர்லருந்து இன்னும் எத்தன பேர நிறுத்தப் போறீங்கன்னு பாக்கேன்."

சொர்ணவல்லி விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போனாள். தன் தூளியை அவிழ்த்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் போய்விட்டாள். இன்னும் சிலர் அவள் பின்னாலேயே போனார்கள். கண்ணாத்தாள் அவர்களைத் தடுக்கவில்லை. மீதிப் பேர் நின்றார்கள். அதில் ஒருத்தி, வாயே திறக்காத ஒருத்தி, போய்க் கலயத்துக்குக் கையை நீட்டினாள். ரூத் எழுந்து கதவுக்கு நேரே கிடந்த காலித் தூளிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். இந்தத் தடவை அவள் எதையும் கேட்கவில்லை.

"அப்ப ரூம்பும் கெடையாது" என்றார் ரெங்கசாமி. முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"அப்ப மூட்டையும் வெளிய வராது" என்றாள் கண்ணாத்தாள். "இங்க இருக்க ஒரு தூளியும் அவுறாது. தாண்டி எடுக்கச் சொல்லுங்க பாப்போம்."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வியாபாரி, மேகம் கட்டிக்கொண்டு வருகிறது, இன்றைக்கு ஏற்றாவிட்டால் வேறு ஊர் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்தினான். ரெங்கசாமி மூட்டைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தன் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார்.

"காப்பு அவுறட்டும். அப்பறம் இருக்கு ஒங்களுக்கு."

"இருக்கட்டும்ங்க. நாங்க எங்க போகப் போறோம், இங்கதான் இருப்போம்."

"எடுத்துத் தொலைங்கடா" என்று ஆட்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பூட்டிலிருந்த சாவியை உருவி வராந்தாவில் எறிந்துவிட்டு அவர் நடந்தார். கண்ணாத்தாள் கதவுக்கு நேரே இருந்த தூளியைத் தானே அவிழ்த்து வழிவிட்டாள். மூட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அறை காலியானபோது உள்ளே முந்திரித் தூசியும், சுவரில் ரேடியோ வைத்திருந்த பலகையும்தான் மிச்சம். பிச்சையம்மாள் யாரும் சொல்லாமலே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சந்தனமேரி ராமுவோடு வராந்தாப் படிக்குக் கீழே, வழக்கமாக வந்து நிற்கிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். முதல் தூறல் விழுந்தது.

"புள்ள நனையிறான் பாருங்க. ஏறி வாங்கக்கா" என்றாள் கண்ணாத்தாள்.

சந்தனமேரி படியைப் பார்த்தாள். முந்தானையால் ராமுவின் தலையை மூடினாள். பிறகு யாரையும் பார்க்காமல் படியேறி ரேடியோ ரூமுக்குள் போனாள்.